ஊர் தெரியாத கல்

என் ஓரகத்தி ஒரு நாள் மதியச் சோற்றுக்கு அரிசி அரிக்கும்போது சட்டியின் அடியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தாள். கடுகில் பாதி இருக்கும். அந்தக் கல்லை முன்னிட்டு நான் பட்ட பொறாமையை அதற்கு முன்னும் பின்னும் எதற்காகவும் பட்டதில்லை. நகை, புடவை, பிள்ளை, புருஷன் என்று பெண்கள் பொறாமைப்படுவதற்கென்றே ஊர் ஒதுக்கிவைத்த விஷயங்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் போயும் போயும் ஒரு மணல் துகளுக்காக வயிறெரிந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பிறந்த ஊர் கடலூர். பி.எஸ்ஸி.யும் பி.டி.யும் முடித்திருந்ததால் கல்யாணமான மறு வருடமே பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை வேலை கிடைத்துவிட்டது. புகுந்த வீட்டாருக்குக் கடைத்தெருவில் அரிசி மண்டி. மாமனார், மாமியார், என் கணவர், அவருடைய தம்பி, நான். மருமகள் வேலைக்குப் போவதில் மாமியாருக்கு மனத்தாங்கல் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் "டீச்சரம்மா வீடு" என்று சொல்லத் தொடங்கிய பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

எனக்குக் கல் பைத்தியம் பிடித்தது ஒரு வெள்ளைக்காரம்மாவால். எட்டாம் வகுப்புப் பெண்களைக் கோட்டை பார்க்க அழைத்துப் போயிருந்தேன். பார்க்க வருகிற எல்லோரும் ராஜகிரி உச்சியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி வாங்கிக்கொள்வார்கள். அந்த அம்மா செட்டிக்குளத்துப் பக்கம் ஒரு பாறைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணில் ஒரு லென்ஸை இடுக்கிக்கொண்டு, மண்ணை முகர்வது போலக் குனிந்திருந்தார். அறுபது வயதுக்குக் குறையாது. ஊர் ஆஸ்திரியா. என் பெண்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். அவர்களை அதட்டிவிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். தீப்பெட்டியில் பாதிதான். உள்ளே முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு முள் நட்டிருந்தது. முள்ளின் நுனியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸை என் கண்ணில் வைத்தார். அந்த நுனியில் பச்சை நிறத்தில், பட்டை பட்டையாக, கூர் சிறிதும் மழுங்காத ஒரு படிகம் நின்றது. பெரிய கற்கள் எங்காவது உடைந்திருக்கும், முழுமை வேண்டுமானால் சின்னதில்தான் தேடவேண்டும் என்றார். இப்படிக் கண்ணுக்குத் தெரியாத கற்களைச் சேர்க்கிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்களாம். தபாலில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்களாம். அதற்கு ஒரே ஒரு சட்டம்: பெட்டியின் அடியில் ஒட்டும் சீட்டில் கல்லின் பெயர், கிடைத்த ஊர், கண்டெடுத்தவர் பெயர் மூன்றும் இருக்கவேண்டும். ஊர் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சேகரிப்பில் சேராது, வெறும் மணல்தான் என்றார். போகும்போது ஒரு லென்ஸும் முகவரியும் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது கல்லுக்கான கிழமை ஆயிற்று. என் கணவர் பட்டணம் போனபோது மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய மைக்ராஸ்கோப் வாங்கி வந்தார். கல்லூரியில் பூவைப் பிரித்துப் பார்க்க வைத்திருப்போமே, அந்த ஒற்றை லென்ஸ் வகை. அதன் அடியில் இருக்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும் என்பதால் முற்றத்தில் பத்து மணி வெயில் விழுகிற இடம் என்னுடைய இடம். தீப்பெட்டிகளை அறுத்து, உள்ளே மசி பூசி, கருவேல முள் நட்டு, நுனியில் பிசின் தொட்டுக் கல்லை ஒட்டுவேன். திருவண்ணாமலை சாலையில் கல் உடைக்கும் இடத்திலிருந்து சில்லுகள் பொறுக்கி வருவேன். மழை பெய்து ஓய்ந்தால் ராஜகிரி அடிவாரத்து ஓடைகளில் மணல் அள்ளி வந்து, டீ வடிகட்டியில் சலித்து, ஊசி நுனியால் ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். இரண்டு வருடத்தில் ஐம்பது பெட்டி சேர்ந்தது. சிவப்பு கார்னெட், கறுப்பு இரும்புக்கல், பெரும்பாலும் ஜிர்க்கான். ஜிர்க்கான் என்பது தேன் நிறத்தில் ஒரு சதுரத் தூண். இரண்டு முனையும் கோபுரம் போலக் கூம்பியிருக்கும். அதில் நல்லதாகப் பன்னிரண்டைத் தேர்ந்து வெள்ளைக்காரம்மாவுக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. அருமையாக இருக்கின்றன, ஆனால் இவை என்னிடம் நிறைய உண்டு என்று எழுதியிருந்தார். இரண்டு ஜிர்க்கான்கள் பிறக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டி, முழங்கை மடித்தது போல வளைந்திருக்கும் கல் ஒன்று உண்டு. அது அபூர்வத்திலும் அபூர்வம். அதை வாழ்நாளெல்லாம் தேடுகிறேன். உங்கள் மணலில் எப்போதாவது தென்பட்டால் தயவுசெய்து என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தார்.

நான் ஒன்றரை வருடம் முழங்கையைத் தேடினேன். கனவில்கூட வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தனாருக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வீட்டுக்கு வந்தாள். அவலூர்பேட்டைப் பெண். எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். வந்த வாரத்திலேயே மாமியாருக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. சமையற்கட்டு என் கையை விட்டுப் போனதில் நிம்மதிதான். அக்கா அக்கா என்று என்னைச் சுற்றிச் சுற்றி வருவாள். நானும் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தேன், அவள் அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வரும் வரையில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வடிகட்டியும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"மணல்ல கல் தேடுறேன்."

"மணலே கல்லுதானேக்கா." சிரித்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க தேடுறது லேசான கல்லா, கனமான கல்லா?"

"கனமானது."

எழுந்து உள்ளே போனாள். அரிக்கன்சட்டியோடு வந்தாள். உள்பக்கம் வரிவரியாகக் கோடு இழைத்த மண்சட்டி அது. அரிசியைத் தண்ணீரோடு அதில் போட்டு ஆட்டி ஆட்டிச் சாய்த்தால் அரிசி மேலே வந்துவிடும், கல் கோடுகளில் தங்கிவிடும். எங்கள் பக்கத்தில் அது இல்லாத அடுப்படி கிடையாது.

"சோத்துக்குன்னா அரிசிய எடுத்துக்கினு கல்ல வுட்டுடுவோம். உங்களுக்கு மணல வுட்டுட்டுக் கல்ல எடுத்துக்கணும். அவ்ளோதானே?"

ஒரு படி மணலைப் போட்டாள், தண்ணீர் ஊற்றினாள், மணிக்கட்டை மட்டும் அசைத்தாள். வெள்ளை மணல் தண்ணீரோடு வழிந்து போய்க்கொண்டே இருந்தது. கால் மணி நேரத்தில் சட்டிக் கோடுகளில் ஒரு சிட்டிகை கறுப்பும் சிவப்பும் மிஞ்சியது. விரலால் வழித்து ஒரு இலையில் வைத்து என்னிடம் நீட்டினாள். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பதினேழு ஜிர்க்கான். நான் மூன்று மாதம் ஊசி பிடித்தாலும் அவ்வளவு கிடைக்காது.

ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் ஒப்படர்த்தி, அதாவது எது எதைவிடக் கனம் என்ற பாடம், நடத்துகிறவள் நான். அந்தச் சட்டியில் அரித்த சோற்றை நாலு வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். லேசானதா கனமானதா என்ற கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. எட்டாவது படித்தவளுக்கு உட்கார்ந்த மாத்திரத்தில் தோன்றிவிட்டது. "பரவாயில்லையே, கெட்டிக்காரிதான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு இலையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

அவளும் லென்ஸில் பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. என் வெயில் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. "போதும், கண் வலிக்கும்" என்றேன். "வலிக்கலக்கா" என்றாள், குனிந்தபடியே.

அதிலிருந்து அவளும் சேர்க்கத் தொடங்கினாள். தீப்பெட்டி அறுக்க, முள் நட, பிசின் தொட எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாதத்தில் அவள் ஒட்டுகிற கல் என் கல்லைவிட நேராக நின்றது. என் கணவர் ஒரு நாள் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சின்னப் பொண்ணுக்குக் கை நல்லா வருதே" என்றார். அன்றைக்கு அவருக்கு ரசம் ஆறித்தான் கிடைத்தது. மாமியார் மட்டும் இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்தார். "சோத்துல கல்லு இல்லாம இருந்தா சரி. பொட்டில எவ்ளோ வேணா வெச்சிக்குங்க" என்பார்.

ஊர்ச் சட்டத்தையும் நான்தான் அவளுக்குச் சொன்னேன். கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன், டீச்சர் புத்தி. அவள் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். அவள் பெட்டிகளில் பெரும்பாதி, வீட்டு அரிசி அரிக்கும்போது சட்டியில் தங்கிய மணலிலிருந்து கிடைத்தவை. அது அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். மண்டிக்கு வந்த அரிசியில் கல்லும் மண்ணும் தாராளமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கொழுந்தனாரைத் துளைத்து எடுப்பாள். இன்றைக்குப் பிரித்தது எந்த மூட்டை, நெல் கொண்டுவந்தது யார், எந்தக் களத்தில் அடித்தது. தெரிந்தால் தமிழில் சீட்டு எழுதி ஒட்டுவாள். தெரியாவிட்டால் கல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிணற்றடியில் கொட்டிவிடுவாள். என்னுடைய ஐம்பதில் ஏழெட்டுப் பெட்டிக்கு ஊர் குத்துமதிப்பாக எழுதியதுதான். அதை அவளிடம் சொன்னதில்லை.

முழங்கை கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளங்கையைக் குவித்து, அதன் மேல் இன்னொரு கையால் மூடியிருந்தாள்.

"அக்கா, செருப்பக் கூடக் கழட்டாதீங்க. மொதல்ல இதப் பாருங்க."

பார்த்தேன். லென்ஸில் தேன் நிறத்தில் இரண்டு தூண்கள், ஒரே இடத்தில் முளைத்து, மடக்கிய கை போல வளைந்து நின்றன. வளைவின் உள்பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு முனைகூட உடையவில்லை. ஒன்றரை வருடம் நான் கண் வீங்கத் தேடியது, உலை கொதிக்கக் காத்திருந்த நேரத்தில் அவள் சட்டியில் வந்து உட்கார்ந்திருந்தது.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை இல்லை. அந்தக் கல்லை ஊதிவிட்டால் என்ன என்று தோன்றியது. உண்மையாகவே உதட்டைக் குவித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஊதவில்லை.

"முழங்கைதானேக்கா?"

"அப்படித்தான் தெரியுது. எந்த ஊர்?"

"நம்ம வூட்டு அரிசியில இருந்துச்சு."

"அது எந்த ஊர் அரிசி?"

முகம் விழுந்துவிட்டது. மண்டியில் அந்த வாரம் பல ஊர் மூட்டைகள் கலந்து வந்திருந்தன, அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப வெறும் மணல்தான்" என்றேன். உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் அவள் கிணற்றடியில் கொட்டவில்லை. விசாரிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்கு எடுத்த மூட்டையின் கோணி அடுப்படியில் இருந்தது. அதில் காவிக்கட்டியால் இரண்டு கோடும் ஒரு வட்டமும் போட்டிருந்தது. அந்தக் குறி யாருடையது என்று கொழுந்தனாரைக் கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை என்றதும் மாமனாரைக் கேட்டாள். மாமனார் அரைவை மில்லில் கேட்டுச் சொன்னார். பனமலைக்காரர் ஒருவருடைய நெல். ஏரிக்கரையில் கோயில் மலைக்குக் கீழே அவருக்குக் களம். அதோடு விட்டாளா என்றால் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிக் கொழுந்தனாரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மாலையில் திரும்பி வந்தபோது அர்ச்சனைக் கூடையில் விபூதியைவிட மண் அதிகம் இருந்தது. களத்து மண் ஒரு முடிச்சு, களத்துக்கு மேலே மழைத்தண்ணீர் இறங்கும் வாய்க்கால் மண் ஒரு முடிச்சு.

மறுநாள் காலையில் என் எதிரிலேயே இரண்டையும் தனித்தனியாக அரித்தாள். களத்து மண்ணில் மூன்று ஜிர்க்கான், வாய்க்கால் மண்ணில் ஐந்து. ஒன்றும் மடங்கியிருக்கவில்லை. ஆனால் எட்டும் அதே தேன் நிறம். எட்டின் வயிற்றிலும் அதே கறுப்புப் புள்ளி. ராஜகிரி ஜிர்க்கான் எதிலும் அந்தப் புள்ளி கிடையாது, நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

"எல்லாம் ஒரே ஜாதிதான் இல்லக்கா? அப்ப ஊரு பனமலதானே?"

இதைவிட நல்ல நிரூபணத்தை ஒரு கல்லூரிப் பேராசிரியரும் கொண்டுவந்திருக்க முடியாது. அது எனக்குத் தெரிந்தது. என்னால் அதைச் செய்திருக்க முடியாது என்பதும் தெரிந்தது.

"இருக்கலாம்" என்றேன்.

அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "அந்த வெள்ளக்காரம்மா இத ரொம்ப நாளா தேடுறாங்கன்னு சொன்னீங்களே. அவங்களுக்கே அனுப்பிடுங்கக்கா. வயசானவங்க" என்றாள்.

"உனக்கு வேணாமா?"

"நான்தான் பார்த்துட்டனே."

அவள் அந்தக் கல்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு பெருமையடித்திருந்தால் நான் ஒருவேளை சும்மா இருந்திருப்பேன். நான் ஒன்றரை வருடம் தேடியது எனக்குக் கிடைத்திருந்தால் உயிரே போனாலும் கொடுத்திருக்க மாட்டேன். அவள் எலுமிச்சம்பழம் கொடுப்பது போல எடுத்துக் கொடுக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சீட்டை வீட்டில் எழுதவில்லை. அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியும், கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவாள். பள்ளியில் மூன்றாவது பீரியட் எனக்கு ஓய்வு. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். கல்: ஜிர்க்கான், முழங்கை இரட்டை. கண்டெடுத்தவர்: அவள் பெயர். ஊர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினேன். பிறகு "தெரியவில்லை, கடை அரிசியில் கிடைத்தது" என்று எழுதினேன். கை நடுங்கியதாக எழுத ஆசைதான். நடுங்கவில்லை. என் கையெழுத்து அன்றைக்குப் போல அழகாக என்றைக்கும் அமைந்ததில்லை. அவள் பெயரை நான் திருடவில்லையே, எழுதத்தானே எழுதினேன் என்று எனக்கு நானே நல்ல பெயரும் கொடுத்துக்கொண்டேன். நாலு வார்த்தையில் அந்தக் கல்லை மணலாக்கிவிட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. பஞ்சு வைத்துக் கட்டி, தபாலாபீஸில் பதிவு செய்து அனுப்பினேன்.

அதன் பிறகு தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் சின்னவள் வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள். வேண்டிய அளவுக்கு மேலேயே வாசல் பெருக்கினாள். இரண்டு மாதம் ஆயிற்று. கடிதத்தை அவள்தான் வாங்கி வைத்திருந்தாள். நான் பள்ளியிலிருந்து வந்ததும் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கடிதத்தில் அந்த அம்மா குழந்தை போலக் குதித்திருந்தார். கல்லைப் பார்த்துவிட்டு ஒரு பகல் முழுக்க மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லையாம். ஆனால் ஊர் இல்லாததால் சேகரிப்பில் வைக்க மனம் ஒப்பவில்லை, தனியாக மேஜை இழுப்பறை ஒன்றில் வைத்திருக்கிறேன், எப்படியாவது ஊரை விசாரிக்க முடியுமா என்று உங்கள் சகோதரியைக் கேளுங்கள், தெரிந்த அன்றே எழுதுங்கள் என்று கெஞ்சியிருந்தார்.

"இன்னாக்கா எழுதியிருக்காங்க?"

"கல் நல்லா இருக்குதாம். ஆனா ஊர் சரியில்லாததால சேர்த்துக்க முடியலையாம்."

"பனமலன்னு எழுதலீங்களா?"

"எழுதினேன்." கடிதத்தை மடித்தேன். "அவங்க நம்பல."

வாக்குவாதம் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். எட்டுக் கல்லையும் கறுப்புப் புள்ளியையும் சொல்லி, இதையெல்லாம் எழுதினீர்களா என்று கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். அவள் அப்படி யோசிக்கவே இல்லை.

"அவங்க எவ்ளோ பார்த்தவங்க. அவங்களுக்குத் தெரியாதா? நான்தான் தப்பா விசாரிச்சிருக்கேன்" என்றாள்.

எழுந்து போய்த் தன் பெட்டிகளை எடுத்து வந்தாள். நாற்பத்தொரு பெட்டி. சுவரோரம் கிடந்த முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, முள்ளைப் பிடுங்கி, நுனியை நகத்தால் சுரண்டி முறத்தில் தட்டினாள்.

"என்ன பண்ற?"

"எல்லாம் இதே மாதிரி கேட்டு எழுதினதுதானேக்கா. அது தப்புன்னா இதெல்லாம் இன்னா நிச்சயம்? ஊரு தப்பா எழுதி வெச்சிக்கிறது பொய்யி இல்லியா?"

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். அந்த நாற்பத்தொன்றில் என்னிடம் இல்லாத கற்கள் குறைந்தது ஒன்பது இருக்கும்; இரட்டைக் கூம்பு வைத்த பச்சைக்கல் ஒன்றின் மேல் எனக்கு ரொம்ப நாளாகக் கண். அவள் சுரண்டச் சுரண்ட, அவளிடம் உள்ள, என்னிடம் இல்லாத கல் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கிணற்றடிக்குப் போய் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள், அவ்வளவுதான். திரும்பி வந்து காலிப் பெட்டிகளை அடுக்கி என் பக்கம் தள்ளினாள்.

"பொட்டி நல்லாத்தான் இருக்குது. நீங்க வெச்சிக்குங்க. உங்களுதுதான் எல்லாம் சரியான ஊரு."

கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னாளோ என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடி மண்ணை அள்ளி அரிக்கன்சட்டியில் போட்டு ஆட்டினேன். என் கைக்கு அது வரவில்லை. கனமும் லேசும் சேர்ந்தே வழிந்து ஓடின. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடம் வேறு. மத்தியானம் வரைக்கும் ஆட்டிப் பார்த்தும் அவளுடைய நாற்பத்தொன்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு சின்னவள் அரிசி அரிக்கும்போது சட்டியின் அடியில் தங்குவதைப் பார்க்காமலே கொட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வெயில் முழுக்க எனக்கே கிடைத்தது. உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. அவள் குனிந்து பார்க்கும்போது பக்கத்தில் இருந்துகொண்டு எப்போது எழுந்திருப்பாள் என்று எரிச்சலோடு காத்திருப்பேனே, அந்த எரிச்சல் இல்லாமல் அந்தக் கற்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆஸ்திரியாவுக்கு எழுதினேன். ஊர் பனமலை, ஏரிக்கரைக் களம், எட்டுக் கல்லின் விவரம், கோணிக் குறி, சின்னவள் பஸ் ஏறிப் போய் மண் எடுத்து வந்தது என எல்லாவற்றையும் எழுதினேன். அவள் கண்டுபிடித்த ஊரை நான் சீட்டில் எழுதத் தவறிவிட்டேன் என்றும் எழுதினேன். தவறிவிட்டேன் என்றுதான் எழுதினேன்.

பதில் வந்தது. இந்தத் தடவை தபால்காரர் என்னிடமே பள்ளி வாசலில் கொடுத்துவிட்டார். அங்கேயே நின்று படித்தேன். புதிய சீட்டின் நகல் ஒன்றை அந்த அம்மா தன் கையால் எழுதி இணைத்திருந்தார். ஜிர்க்கான், முழங்கை இரட்டை. பனமலை, செஞ்சி அருகில். கீழே சின்னவளின் பெயர், ஒரு எழுத்துப் பிசகாமல். இதுவரை பார்த்த எந்தக் கல்லுக்கும் இவ்வளவு சிரத்தையாக யாரும் ஊர் தேடியதில்லை. என் சேகரிப்பில் இனி முதல் பெட்டி இதுதான் என்று எழுதியிருந்தார். உங்கள் சகோதரி அதை முதன்முதலில் பார்த்தபோது என்ன நினைத்தாள் என்று அவள் மொழியிலேயே இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், கல்லோடு சேர்த்து வைக்கவேண்டும் என்று கேட்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கொடுத்துவிடுவது என்றுதான் இருந்தேன். கொடுத்தால் நான் சொன்ன பொய்யையும் சொல்லவேண்டும், அதற்குக்கூடத் துணிந்துவிட்டேன். துணிய முடியாதது வேறு ஒன்று. அந்தச் சீட்டைப் படிக்கும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அதை எதிரில் நின்று பார்க்க என்னால் ஆகாது.

அவள் அடுப்படியில் இருந்தாள். என் கைப்பைக்கு வெளியே உறையின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நீலமும் சிவப்புமான ஏர்மெயில் கோடுகளை அவள் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"வெள்ளக்காரம்மாவா? இன்னாக்கா எழுதியிருக்காங்க?"

"ஒண்ணுமில்ல. சௌக்கியமான்னு கேட்டிருக்காங்க."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"என்னப் பத்தி எதுனா கேட்டாங்களா?"

"இல்ல" என்றேன்.